பூங்காவில் பூச்சிக்கும் ஓர் இடம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



காலையில் இருந்து நிலுவை, தணிக்கை, வங்கி இணைப்பு என்று கணக்காகவே பேசியாச்சு. கொஞ்சம் கண்ணைச் சொக்குகிற நேரம் இது. டீ வருவதற்குள் முடித்துவிடு என்று தலைவி அக்கா வேறு சொல்லியிருக்காங்க. முடிக்கப் பார்க்கிறேன்.

போன கூட்டத்தில் இரண்டு விஷயம் வந்தது. பூசணியும் பீர்க்கனும் போட்டிருக்கிற உறுப்பினர்கள், "பூ நல்லாத்தான் பூக்குது. பிஞ்சு நிக்க மாட்டேங்குது. மஞ்சளாப் பழுத்து உதிர்ந்துடுது. உள்கடன் வாங்கித்தான் விதை வாங்கினோம், தவணைக்கு என்ன செய்யறது" என்று கேட்டார்கள். இது ஒன்று. ஊராட்சிப் பூங்காவில் புல்தரை போட்டு, குரோட்டன்ஸ் வைத்து, சிமெண்டுக் கல் பதிக்கப் போகிறார்களாம், பராமரிப்பை மகளிர் குழு எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. தீர்மானப் புத்தகத்தில் இந்த இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருக்கிறது. எனக்கு என்னவோ இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பிஞ்சு ஏன் நிற்கவில்லை

பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இது உங்களுக்குத் தெரியும். பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி சின்னதாகக் காய் இருந்தால் பெண் பூ. வெறும் காம்பு மட்டும் நீண்டிருந்தால் ஆண் பூ. முதலில் ஆண் பூவாகத்தான் பூக்கும். "பூத்துப் பூத்துக் கொட்டுது, ஒண்ணும் காய்க்கலை" என்று முதல் வாரத்திலேயே பயப்பட வேண்டாம்.

பெண் பூ விடியற்காலையில் திறக்கும். வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அந்த ஒரு காலைப் பொழுதுதான் அதற்கு வாழ்க்கை. அதற்குள் யாராவது ஆண் பூவில் இருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பூசணி மகரந்தம் கனமானது, ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது. காற்றில் பறந்து வராது. தேனீதான் தூக்கி வர வேண்டும். ஒரு தடவை வந்து போனால் போதாது, பல தடவை வரணும். வரவே இல்லை என்றால் பிஞ்சு மஞ்சளாகி விழும். அரைகுறையாக வந்தால் காய் நிற்கும், ஆனால் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக வரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அந்தக் கோணல் காயைத்தான் ஏலம் எடுக்கிறவர் முதலில் ஒதுக்கிப் போடுவார். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பீர்க்கன் இதற்கு நேர் எதிர். சாயங்காலம்தான் திறக்கும். புடலை, சுரை எல்லாம் இருட்டுகிற நேரத்துக் கணக்கு. அதற்கு அந்துப்பூச்சிகள் வரணும். காலையில் கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு "ஒரு பூச்சிகூட இல்லையே" என்று பீர்க்கன் விஷயத்தில் முடிவு செய்யக்கூடாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். பிஞ்சு உதிர்கிறது என்றாலே பூச்சி வரவில்லை என்று அர்த்தம் கிடையாது. தண்ணீர் தட்டுப்பாடு, அதிக வெப்பம், பழ ஈ குத்தியது, இப்படிப் பல காரணம் உண்டு. எது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. விடியற்காலையில் ஐந்து பெண் பூவைத் தேர்ந்தெடுத்து, ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கிற மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அந்தப் பூக்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். பக்கத்திலேயே இன்னொரு ஐந்து பெண் பூவுக்கு ஒன்றும் செய்யாமல் வெள்ளை நூல் மட்டும் கட்டுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். சிவப்பு நூல் காய் நின்று, வெள்ளை நூல் காய் உதிர்ந்திருந்தால் உங்கள் கொல்லைக்குத் தேனீ வரவில்லை. இரண்டுமே உதிர்ந்திருந்தால் தண்ணீரையும் பழ ஈயையும் பாருங்கள். மருந்துக் கடைக்காரர் கொடுக்கிற டானிக்கை வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

நம்ம பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு அக்கா இதைச் செய்து பார்த்தாங்க. சிவப்பு நூல் ஐந்தில் நாலு நின்றது. வெள்ளை நூலில் ஒன்றுதான் நின்றது. "அப்ப தினமும் நானே தேனீ வேலை பார்க்கணுமா?" என்று கேட்டாங்க. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாங்க, ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. சீனாவில் சிசுவான் மாகாணத்தில் ஹன்யுவான் என்ற பகுதியில் பேரிக்காய்த் தோட்டக்காரர்கள் உண்மையாகவே அந்த நிலைமைக்கு வந்தார்கள். மூங்கில் குச்சி நுனியில் கோழி இறகைக் கட்டிக்கொண்டு மரத்து மேல் ஏறி ஒவ்வொரு பூவாகத் தடவி விடுவார்கள். மருந்து அதிகமாக அடிப்பதால் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டியை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பப் பயந்தது அதற்கு ஒரு காரணம். அவ்வளவு தூரம் போவானேன்? கேரளாவிலும் கர்நாடகத்திலும் வெனிலா போட்டவர்கள் எல்லாரும் கையால்தான் சேர்த்துவிட வேண்டும். அது மெக்சிகோ பக்கத்துக் கொடி. அந்த ஊர்ப் பூச்சி இங்கே இல்லை. பூவும் ஒரு நாள்தான் திறந்திருக்கும். வெனிலா விலை உச்சத்தில் இருந்தபோது அந்தக் கூலி கட்டுபடியானது. பூசணிக்குக் கட்டுபடியாகுமா?

சம்பளம் கேட்காத கூலியாட்கள்

தேனீ என்றால் பெட்டியில் வளர்க்கிற தேனீ மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. நம் மண்ணில் வேறு பலர் இருக்கிறார்கள். மரப்பொந்திலும் சுவர்ப் பொந்திலும் அடுக்கடுக்காக அடை கட்டுகிற இந்தியத் தேனீ. புதரில் ஒரு கொம்பில் உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு அடை கட்டுகிற கொம்புத் தேனீ. தண்ணீர்த் தொட்டியிலும் பாறையிலும் பெரிய முறம் மாதிரி தொங்குகிற மலைத் தேனீ. சுவர் விரிசலில் பிசினால் குழாய் மாதிரி வாசல் வைத்துக் குடியிருக்கிற கொசுத் தேனீ. கொசுத் தேனீக்குக் கொட்டத் தெரியாது.

இவர்கள் கூட்டமாக வாழ்கிறவர்கள். கூட்டம் சேராமல் தனித்தனியாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள்தான் வகையில் அதிகம். கருப்பாகப் பளபளவென்று, கட்டை விரல் நுனி பருமனில், "ங்ங்" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருமே, கருவண்டு என்று சொல்வோம், அதுவும் தேனீ இனம்தான். காய்ந்த மூங்கிலிலும் பழைய விட்டத்திலும் ஓட்டை போட்டுக் குடியிருக்கும். முருங்கைப் பூவுக்கு முக்கியமான ஆள் அதுதான். முருங்கை போட்டிருக்கிற குடும்பங்கள் இங்கே பாதிக்கு மேல் இருக்கீங்க, அந்த வண்டை விளக்குமாற்றால் அடிக்கிறதை இன்றோடு விட்டுவிடுங்க. அப்புறம் வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு சின்னத் தேனீ இருக்கிறது. மண் தரையிலும் மண் சுவரிலும் வளை தோண்டும்.

இந்தக் கருவண்டும் நீலக்கோட்டுத் தேனீயும் செய்கிற ஒரு வேலையைப் பெட்டித் தேனீயால் செய்ய முடியாது. கத்தரி, தக்காளிப் பூவில் நடுவில் மஞ்சளாகக் குழாய் மாதிரி இருக்கும் பாருங்க. மகரந்தம் அதற்குள்ளே அடைத்துக் கிடக்கிறது. நுனியில் மட்டும் சின்ன ஓட்டை. உப்பு டப்பா மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். இந்தத் தேனீக்கள் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டுக் குலுக்கும். காலையில் கத்தரிக் கொல்லையில் விட்டுவிட்டு 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும், அது இதுதான். கத்தரி தானாகவும் ஓரளவு காய்க்கும். ஆனால் இவர்கள் வந்தால் காய் பிடிப்பு கூடும்.

ஆவாரம்பூவும் இதே மாதிரி உப்பு டப்பாதான். பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும். குலுக்கத் தெரிந்த தேனீக்குத்தான் அது சாப்பாடு. அப்படியானால், கத்தரியில் பூ இல்லாத மாதங்களில் கத்தரித் தேனீயை உயிரோடு வைத்திருப்பது கரட்டோரம் நிற்கிற ஆவாரைதான். ஆவாரையை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுக் கத்தரி காய்க்கவில்லை என்றால் யாரைக் கேட்பது?

பல்லுயிர் பற்றி ஐ.நா. ஆதரவோடு செயல்படுகிற பன்னாட்டு அறிவியல் குழு 2016-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. உலகத்தின் முக்கிய உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று வகைக்கு மேல் ஏதோ ஓர் அளவுக்குப் பூச்சி, பறவை, வவ்வால் உதவி தேவைப்படுகிறது என்கிறது அது. நெல்லுக்கும் சோளத்துக்கும் காற்றே போதும். சோறு கிடைத்துவிடும். குழம்பில் போடுகிற காய்க்குத்தான் திண்டாட்டம்.

போனது எங்கே?

ஒரே காரணம் சொல்ல முடியாது. மருந்து ஒரு பெரிய காரணம். காலை எட்டு மணிக்கு, பூ திறந்து தேனீ வேலை செய்கிற நேரத்தில்தான் நாம் தெளிப்பானைத் தூக்குகிறோம். மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணக் குறி இருக்குமே, அது மனிதருக்கு எவ்வளவு விஷம் என்பதைச் சொல்கிற குறி. தேனீக்கு எவ்வளவு விஷம் என்று அது சொல்லாது. பச்சைக் குறிதானே என்று பூவில் அடித்துவிடாதீர்கள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் எல்லாம் செடிக்குள்ளேயே ஊறி மகரந்தம் வரைக்கும் போகிற மருந்துகள். தேனீக்கு ஆபத்து என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இவற்றைத் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை போட்டது. நம் ஊர்க் கடையில் கிடைக்கிறது. மருந்தே அடிக்காதே என்று உங்களிடம் சொன்னால் நாளைக்கு நான் ஊருக்குள் வர முடியாது. அடித்தே ஆகணும் என்றால், பூசணி, கத்தரி போன்ற பகல் பூவில் பூ மூடிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள்.

நோயும் ஒரு காரணம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. தேன் தொழிலுக்குப் பேர் போன கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் வெறும் பெட்டியோடு நின்றன. அங்கே அந்தத் தொழில் 1920களிலேயே தொடங்கியது. மெல்ல மெல்ல மீண்டு வந்து, 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அதிகம் பேசப்படாத காரணம் வீடு. நமக்கு வீடு வந்தது, அவர்களுக்கு வீடு போனது. மண் சுவர் போய்ச் சிமெண்டுச் சுவர் வந்தது. மூங்கில் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. அது நல்லதுதான், ஒழுகுகிற வீட்டில் இருக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது. வரப்பில் தும்பை இல்லை, களைக்கொல்லி. பொறம்போக்கில் நொச்சி இல்லை, சீமைக் கருவேல். பொந்து விழுந்த கிழட்டு வேப்பமரம் சாலை விரிவாக்கத்தில் போனது. சீமைக் கருவேல் பூவுக்கும் தேனீ வரத்தான் செய்கிறது, ஆனால் அது ஒன்றையே நம்பி வருஷம் முழுக்கப் பிழைக்க முடியாது.

சின்னத் தேனீக்கள் கூட்டில் இருந்து சில நூறு மீட்டர் தூரம்தான் போய்வரும். மலையில் காடு இருக்கிறது, அங்கே தேனீ இருக்கிறது என்று நாம் இருந்துவிட முடியாது. நம் கொல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கணும். நம் ஊரில் கொல்லைகளுக்கு நடுவில், கம்பிவேலி போட்டு, தண்ணீர்க் குழாயோடு சும்மா கிடக்கிற பொது இடம் எது? பூங்காதான்.

என்ன வைக்கலாம்

புல்தரையில் பூ இல்லை. குரோட்டன்ஸில் இலைதான் அழகு, பூச்சிக்கு ஒன்றும் இல்லை. அடுக்கு ரோஜா, அடுக்குச் செம்பருத்தி பார்க்க நன்றாக இருக்கும், இதழ் கூடக் கூடத் தேனும் மகரந்தமும் குறையும். ஆனால் புல்தரையே கூடாது என்று நாம் சண்டைக்குப் போக வேண்டாம். பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் நடக்க இடம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இடம், வேலியோரமாகக் கேட்போம்.

வருஷத்தில் எந்த மாதமும் ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். மழை விழுந்ததும் தும்பை வரும். தும்பை வெள்ளையாகப் பூத்திருக்கிற இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், எத்தனை வகைப் பூச்சி வருகிறது என்று. மார்கழி, தையில் ஆவாரை, சிறுபூளை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட இப்போது டவுன் பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய் கொடுத்து வாங்குகிறோமே, அதே ஆவாரையும் பூளையும்தான். இனிமேல் பூங்காவில் பறிக்கலாம். பங்குனி, சித்திரையில் புங்கன், வேம்பு, நாவல். சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை. நடுவில் பூ குறைகிற மாதங்களுக்குத் துளசி, நொச்சி, எருக்கு கைகொடுக்கும்.

துளசி வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும். கதிரை உடனே கிள்ளிவிடாமல் பூக்க விடுங்கள். கொசுத் தேனீக்கும் கொம்புத் தேனீக்கும் அது சத்திரம் மாதிரி.

வேலிக்கு ஆடு கடிக்காத செடி வேண்டும். பேரிலேயே இருக்கிறது, ஆடாதொடை. நொச்சியையும் ஆடு சீண்டாது. நொச்சியைப் போத்து வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். ஆடுதீண்டாப்பாளை என்று தரையில் படரும் ஒரு கொடி கரிசல் பக்கம் கிடைக்கும். சிவப்பும் கருப்புமாக ஒரு பட்டாம்பூச்சி அதைத் தேடி வந்து முட்டை வைக்கும். எருக்க இலையில் ஒரு வகை, கறிவேப்பிலை, எலுமிச்சையில் ஒரு வகை, ஆவாரை, கொன்றையில் மஞ்சள் வகை, இப்படி ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் பிள்ளை பெறுகிற வீடு வேறு. இலையைப் புழு தின்னும். தின்னட்டும். "ஐயோ புழு" என்று மருந்து அடித்தால் பட்டாம்பூச்சி வராது. நம் மாநிலத்துக்கே 2019-இல் தமிழ் மறவன் என்று ஒரு பட்டாம்பூச்சியை அறிவித்திருக்கிறார்கள். அது மலைக்காட்டுப் பூச்சி, நம் பூங்காவுக்கு வராது. நமக்கு எருக்கம் பூச்சி போதும்.

விதைக்குக் காசு வேண்டாம். ஆவாரை விதைத் தோல் கெட்டி. வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு நேரே நிலத்தில் ஊன்றலாம். வேப்ப விதையைச் சேர்த்து வைக்காதீர்கள், சில வாரத்திலேயே முளைப்புத் திறன் போய்விடும். பொறுக்கிய கையோடு ஊன்ற வேண்டும். தும்பைக்கு, செடி காய்ந்த இடத்து மேல்மண்ணை ஒரு கூடை அள்ளி வந்து தூவினாலே போதும். இதெல்லாம் எனக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்தது இல்லை. குழுக்களில் இருக்கிற பாட்டிமார் சொன்னதுதான். எந்தச் செடி எந்தப் புறம்போக்கில் நிற்கிறது என்று ஒரு நாள் அவர்களோடு நடந்து, பிள்ளைகளை விட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

செடி மட்டும் வைத்தால் சாப்பாடு போட்டு வீடு கொடுக்காத கதை. ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண்ணும் வைக்கோலும் குழைத்து ஒரு குட்டிச்சுவர் வையுங்கள், மேலே மழை படாமல் ஓர் ஓடு. ஒரு துண்டு இடத்தைக் கொத்தாமல் பெருக்காமல் வெறும் மண்ணாக விடுங்கள். காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டி மரத்தடியில் நனையாமல் தொங்க விடுங்கள். குழாயடியில் வாயகன்ற மண் சட்டி ஒன்று, அதில் கூழாங்கல், கல் மேல் நிற்கிற அளவுக்குத் தண்ணீர். தேனீக்கு நீச்சல் தெரியாது. கொசு முட்டை வைக்காமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

கேட்கப் போகிற கேள்விகள்

"பிள்ளைகளைக் கொட்டினா யார் பதில் சொல்றது?" இது நியாயமான பயம். மலைத் தேனீ கூட்டமாகத் துரத்தினால் ஆபத்துதான். அது உயரத்தில் கூடு கட்டுவது, செடியால் வருவது இல்லை. பூங்கா மரத்தில் கட்டினால் கல்லெறியாமல் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். பூவில் உட்கார்ந்து சாப்பிடுகிற தேனீ, பிடித்து நசுக்கினால் ஒழியப் பெரும்பாலும் கொட்டாது. அப்படியே கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். முகம், உதடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஊஞ்சல், சறுக்கு இருக்கிற பக்கம் பூச்செடி வேண்டாம், எதிர்ப்பக்கம் வைப்போம்.

"புதர் மண்டினா பாம்பு வரும்." வரலாம். அதனால் நடைபாதையில் இருந்து நாலு அடிக்கு உயரமான செடி எதுவும் கூடாது. கல் குவியல், விறகுக் குவியல் கூடாது. நொச்சியை வருஷத்துக்கு இரண்டு தடவை கழிக்க வேண்டும்.

"பார்க்க களைக்காடு மாதிரி இருக்கு." இதுதான் அதிகம் வரும். மூன்று மாதத்தில் யாராவது ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டுப் போவார். தும்பை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அதற்கு என் யோசனை, பாத்தியைச் சுற்றி உடைந்த செங்கல்லைச் சாய்த்து வரிசையாகப் பதியுங்கள், செடிப் பேர் எழுதிய பலகை ஒன்று வையுங்கள். எல்லை போட்டுப் பேர் வைத்துவிட்டால் அதே களையைத் தோட்டம் என்பார்கள். ஊரில் பெருக்குகிற தூய்மைக் காவலர்கள் பல பேர் நம் குழு உறுப்பினர்கள்தான். எதைப் பிடுங்கணும், எதை விடணும் என்று அவர்களைக் கூட வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள்.

கடன், கூலி, தீர்மானம்

தேனீப் பெட்டி பற்றி இரண்டு குழுவில் கேட்டிருக்கீங்க. ஒரு ஏஜென்ட் வந்து, குழுக் கடனில் இருபது பெட்டி எடுத்தால் தேனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று பேசியிருக்கிறார். என் கருத்து, இப்போது வேண்டாம். சுற்றிலும் பூ இல்லாத ஊரில் பெட்டி வைத்தால் தேனீ கூட்டைவிட்டு ஓடிவிடும். கடன் ஓடாது. முதலில் பூ வரட்டும். பூவோடு ஊர்த் தேனீ தானாக வருகிறதா என்று இரண்டு வருஷம் பார்ப்போம். அப்புறம் ஆர்வம் இருக்கிறவர்கள் பயிற்சி எடுத்து, ஆளுக்கு ஒன்றிரண்டு பெட்டியில் தொடங்கலாம். பூங்கா வேலைக்கும் குழுப் பணத்தில் இருந்து கடன் எடுக்கிற மாதிரி ஒரு செலவும் இல்லை.

கூலி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பராமரிப்பு என்ற பேரில் பூங்காவைப் பெருக்குகிற வேலையை ஓசியில் நம் தலையில் கட்டிவிடக்கூடாது. செடித் தேர்வு, விதை, நடுவது, கவனிப்பது நம் ஈடுபாடு. தினசரி தண்ணீர் ஊற்றுவதும் பெருக்குவதும் வேலை, அதற்கு ஊராட்சி கூலி கொடுக்க வேண்டும். இதை வாயால் பேசினால் நிற்காது, எழுத்தில் இருக்கணும்.

அதற்கு இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூட்டுகிறார்கள். அடுத்து வருகிறதற்கு முன்பே மனு கொடுத்துப் பொருளில் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவர் இருக்கிற இடத்தில் தலைவரிடம், இல்லாத இடத்தில் தனி அலுவலரிடம் கொடுத்து, ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் நாலு விஷயம் போதும். வேலியோரம் மூன்றில் ஒரு பங்கு இடம் நாட்டுச் செடிகளுக்கு. அந்த இடத்தில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிக்கக்கூடாது. குழாய்த் தண்ணீர், முதல் இரண்டு கோடைக்காவது தடையில்லாமல். தண்ணீர் ஊற்ற, பெருக்க ஓர் ஆளுக்குக் கூலி. கிராம சபைக்கு ஐந்து பேர் போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எல்லாக் குழுவில் இருந்தும் போகணும்.

இது நடந்தால் அடுத்த போகத்திலேயே பூசணி இரட்டிப்பாகக் காய்க்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். செடி பூக்க ஒரு வருஷம், மரம் பூக்க நாலைந்து வருஷம். பூச்சி வந்து குடியேறவும் காலம் ஆகும். அதுவரை காலையில் அந்த ஆண் பூவைப் பறித்துத் தேய்க்கிற வேலையை விடாதீர்கள், தவணை காத்திருக்காது.

பூசணி, பீர்க்கன் போட்டிருக்கிறவர்கள் இன்றே பேர் கொடுத்துவிட்டுப் போங்க. நூல் கட்டிப் பார்த்த கணக்கை அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் சொல்லணும், கிராம சபையில் பேச அந்தக் கணக்குதான் நமக்கு வேண்டும். பீர்க்கன்காரங்க சாயங்காலம் டார்ச் லைட்டோடு போய் நூல் கட்டுங்க. ஆவாரை விதை யார் யார் வீட்டுப் பக்கம் கிடைக்கும் என்பதை ஊக்குநர்கள் எழுதிக்கொள்ளுங்கள். மனு எழுத இரண்டு பேர் வேண்டும், கையெழுத்து நன்றாக இருக்கிறவர்கள். டீ வந்துவிட்டது.